கொடைப் பாட்டைக் கணினியில் ஏற்றும்போது: சவுண்ட் கார்டு தேர்வும், ஓசையால் அறியும் கோளாறுகளும்

அம்பாசமுத்திரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் சுடலைமாடசாமி கோயில் கொடை (திருவிழா) என்றால் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் விடிய விடிய நடக்கும். என் தாய்மாமா அவற்றை டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார். அந்தக் கேசட்டுகளைப் பாளையங்கோட்டைக்கு எடுத்து வந்து வீட்டுக் கணினியில் ஏற்றத் தொடங்கியபோதுதான், கணினிக்குள் ஒலியை வாங்கவும் வெளியே விடவும் உதவும் சவுண்ட் கார்டைப் பற்றி முறையாகக் கற்றுக்கொண்டேன். தவறான கார்டை வாங்கினேன், தவறான துளையில் செருகினேன், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் ஒரு கேசட்டின் நாடா அறுந்தே போயிற்று. அது இன்னும் உறுத்துகிறது.

பிறகு உறவினர், பக்கத்து வீட்டார் என்று பலருடைய கணினிகளைப் பார்த்திருக்கிறேன். கார்டு போய்விட்டது என்று புதிது வாங்கக் கிளம்பியவர்களில் பலருக்குக் கோளாறு கார்டில் இல்லை. வயரிலோ, எர்த்திலோ, கணினியின் அமைப்பிலோ இருந்தது. என்ன ஓசை வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டால் அது எங்கே பிறக்கிறது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அதனால் கீழே உள்ளதை ஓசைகளைக் கொண்டே பிரித்திருக்கிறேன். உங்களுக்குக் கேட்பது எதுவோ, நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம்.

ஒரு வேண்டுகோள். சோதனைகளை எல்லாம் போனாலும் பரவாயில்லை என்று விடக்கூடிய கேசட்டை வைத்துச் செய்யுங்கள். நாடா ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் தேய்கிறது. எல்லாம் சரியான பிறகு அரிய கேசட்டை ஒரே ஒரு முறை ஓட்டினால் போதும்.

வாங்குவதற்கு முன்

1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் வந்த காலத்தில் கார்டு இல்லாத கணினிக்கு 'பீப்' என்ற ஒலியைத் தவிர அதிகம் தெரியாது. 1997-இல் இன்டெல் ஏசி'97 என்ற முறையையும், 2004-இல் எச்டி ஆடியோ என்ற முறையையும் கொண்டுவந்த பிறகு ஒலிச்சில்லு மதர்போர்டிலேயே குடியேறிவிட்டது. பாட்டுக் கேட்க, படம் பார்க்க, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேச அதுவே போதும். அதற்காகத் தனிக் கார்டு வாங்காதீர்கள்.

மதர்போர்டின் ஒலிப்பகுதி செத்துவிட்டால், அல்லது அதன் இரைச்சல் பொறுக்க முடியாததாக இருந்தால் கார்டு தேவை. கேசட்டையோ இசைத்தட்டையோ பதிய வேண்டும், ஆனால் கணினியில் லைன்-இன் துளை (டேப் ரெக்கார்டர் போன்றவற்றின் ஒலியை உள்ளே வாங்கும் துளை) இல்லை என்றாலும் தேவை. மேசைக்கணினியின் பின்பக்கத்தில் நீல நிறத்தில் இருப்பது லைன்-இன், பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. மடிக்கணினிகளில் நீலத்துளை அநேகமாக இருக்காது.

உள்ளே பொருத்தும் கார்டு வாங்குவதானால் முதலில் கேபினெட்டைத் திறந்து எந்தச் செருகுவாய் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். பழைய மதர்போர்டுகளில் நீண்ட வெள்ளை நிறப் பிசிஐ வாய் இருக்கும். இப்போதையவற்றில் பிசிஐ எக்ஸ்பிரஸ்தான்; ஒலி அட்டைகள் அதில் மிகச் சிறியதான ×1 வகையைச் சேர்ந்தவை. ×1 அட்டையை ×4, ×16 என்ற நீளமான வாயிலும் செருகலாம். பிசிஐ அட்டையைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் வாயில் செருக முடியாது. அழுத்தினால் இரண்டும் உடையும்.

என் தேர்வு யுஎஸ்பி வழியாக வெளியே இணைக்கும் பெட்டிதான். கேபினெட்டுக்குள் ஓடும் மின்சார இரைச்சலுக்கு அது எட்ட இருக்கிறது, மடிக்கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம். கேசட் வேலைக்கு பெரிஞ்சர் யூசிஏ202 போல, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகளோடு லைன்-இன் உள்ள எளிய பெட்டி போதும். நான் முதலில் வாங்கியது கட்டைவிரல் அளவு யுஎஸ்பி அடாப்டர். அந்த வகையில் ஒலியை உள்ளே வாங்குவதற்கு இருப்பது பெரும்பாலும் மைக் துளை மட்டும்; அதுவும் ஒற்றைத் தடம் (மோனோ). ஹெட்போனில் கேட்க அது நல்ல பொருள், கேசட் பதிய உதவாது.

192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதற்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். 16 பிட் பதிவு ஏறத்தாழ 96 டெசிபெல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். சாதாரண கேசட்டில் நாடாவின் இரைச்சலுக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே 50, 60 டெசிபெல்லுக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 22 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். நம் வீட்டு டேப் ரெக்கார்டர் 15-ஐத் தொட்டாலே பெரிது.

சத்தமே இல்லை

ஸ்பீக்கரின் சுவிட்சையும் ஒலியளவுத் திருகையும் பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் வயரைக் கணினியிலிருந்து உருவிக் கைப்பேசியில் செருகிப் பாட்டுப் போடுங்கள். பாடினால் ஸ்பீக்கர் நலம்.

அடுத்து, சத்தம் வேறு வழியில் போகிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வயரால் திரை இணைத்திருந்தால் விண்டோஸ் தானாகவே திரையையே ஸ்பீக்கர் என்று எடுத்துக்கொள்வது உண்டு. ஸ்பீக்கரே இல்லாத திரைக்குப் பாட்டு போய்க்கொண்டிருக்கும். கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்து மாற்றுங்கள். புதிய கார்டு பொருத்தியவர்கள் ஸ்பீக்கர் வயரைப் பழைய பச்சைத் துளையிலேயே விட்டுவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பச்சைத் துளைகள் இருக்கும். கார்டின் துளை கேபினெட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும்.

2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் நம் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் பாஸ் லினக்ஸ் அல்லது வேறு லினக்ஸ் போட்டிருந்தால், முனையத்தில் (டெர்மினல்) ஆல்சாமிக்சர் (alsamixer) என்ற ஒலிக்கட்டுப்பாட்டைத் திறந்து எஃப்6 விசையால் கார்டைத் தேர்ந்தெடுங்கள். நெடுவரிசையின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. எம் விசையை அழுத்தினால் திறக்கும்.

புதிய கார்டைக் கணினி கண்டுகொள்ளவில்லை

கணினியை அணைத்து மின்வயரை உருவுங்கள். உருவிய பிறகு பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கொல்லும். கேபினெட்டை நிற்க வைத்தபடி செய்யாமல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். கார்டு நேராக இறங்க அதுதான் வசதி.

கார்டு செருகுவாயில் முழுதாக இறங்கியிருக்கிறதா? இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கேபினெட்டின் பின்தகடு சற்று வளைந்திருந்தால், திருகாணியை முறுக்கும்போது கார்டின் மறுமுனை வாயிலிருந்து மேலே எழும்பிவிடும். கண்ணுக்கு உட்கார்ந்ததுபோல் இருக்கும், தொடர்பு இருக்காது. திருகாணியைத் தளர்த்தி, கார்டை இரு முனையிலும் ஒரே சீராக அழுத்தி, பிறகு மெதுவாக முறுக்குங்கள். பயன்படுத்திய கார்டு என்றால் பொன்னிற விளிம்பை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். சில கார்டுகளுக்குத் தனி மின்இணைப்பும் தேவை. அட்டையில் நான்கு ஊசி வாய் வெறுமையாக இருந்தால் கணினியின் மின்பெட்டியிலிருந்து (எஸ்எம்பிஎஸ்) வரும் வயரை அதில் மாட்டுங்கள்.

அதன் பிறகும் தெரியவில்லை என்றால் வேறு செருகுவாயில் மாற்றிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டை ஒட்டிய வாயைத் தவிர்ப்பது வெப்பத்துக்கும் நல்லது, இரைச்சலுக்கும் நல்லது.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறியோடு தெரிந்தால் கார்டு சரி, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை. அதன் பண்புகளில் 'ஹார்டுவேர் ஐடி' என்ற வரியைப் பாருங்கள். 'VEN' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின் வரும் எண் சில்லின் தயாரிப்பாளரைக் காட்டும்: 1102 கிரியேட்டிவ், 8086 இன்டெல், 1002 ஏஎம்டி. பெட்டியில் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் இந்த எண்ணுக்குரியவரின் டிரைவரே பொருந்தும். டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வந்து நிற்கும் 'டிரைவர் தரும்' செயலிகள் எதுவும் வேண்டாம்.

கேபினெட்டின் முன்பக்கத் துளையில் மட்டும் சத்தம் இல்லை

முன்பக்கத் துளைக்குப் போகும் வயர் இன்னும் மதர்போர்டிலேயே மாட்டியிருக்கும். புதிய கார்டில் அதே வடிவ இணைப்பு, அதாவது இரண்டு வரிசையில் ஒரு ஊசி குறைந்து ஒன்பது ஊசிகள் இருந்தால், வயரை அங்கே மாற்றுங்கள். குறையும் ஊசியின் இடமும் வயரில் அடைத்திருக்கும் துளையும் நேராக இருக்க வேண்டும். பழைய கேபினெட்டுகளின் வயரில் 'ஏசி97', 'எச்டி' என்று இரண்டு தலைகள் தொங்கும். 'எச்டி' என்பதைச் செருகுங்கள்.

விடாத உறுமல்

'ம்ம்ம்' என்று தாழ்ந்த சுருதியில் ஒரே சீராகக் கேட்கிறதா? அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பான 100. இதற்காகக் கார்டை மாற்றினால் காசுதான் போகும். நான் அதிகமாகக் கண்ட கோளாறும் இதுவே.

கேபினெட்டின் உலோகத்தில் விரலின் பின்புறம் பட்டால் 'சுர்' என்று ஒரு குறுகுறுப்பு தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. கணினியின் மின்பெட்டிக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை தம்மிடம் வருவதை எர்த்தில் விடப் பார்க்கின்றன. எர்த் இல்லாவிட்டால் கேபினெட் முழுவதும் 230 வோல்ட்டில் பாதியளவு ஏறி மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் குறுகுறுப்போடு நிற்கிறது. ஆனால் டேப் ரெக்கார்டரிலிருந்து வரும் வயரைச் செருகியதும் அந்த மின்னோட்டத்துக்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது; அது ஒலி வயரின் உறை வழியாக ஓடும்போது உறுமல் கேட்கிறது.

நம் பக்கத்தில் எர்த் கெடுவதற்கு மண்ணும் வெயிலும் காரணம். பாறைப் பாங்கான இடத்தில் ஆழம் போதாமல் புதைத்த எர்த் குழாய், சித்திரை வெயிலில் சுற்றிலும் மண் காய்ந்ததும் பயனற்றதாகிவிடும். குழியில் உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைப்பது பழைய வழக்கம். அது சரியான வழக்கம். மின்பணியாளரை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். இது பாட்டின் தெளிவுக்காக மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களின் உயிருக்காகவும்.

குறுகுறுப்பு இல்லை, உறுமல் மட்டும் இருக்கிறது என்றால் கணினியும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக்குகளில் எர்த் வாங்குகின்றனவா என்று பாருங்கள். இரண்டு எர்த்துக்கும் ஒலி வயருக்கும் இடையே ஒரு வளையம் உண்டாகி அதில் உறுமல் புகும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கேபிள் டிவி வயர் செருகிய தொலைக்காட்சி கணினியோடு இணைந்திருந்தால் அந்த வயரை ஒரு கணம் உருவிப் பாருங்கள். உறுமல் நின்றால் வளையம் அந்த வழியாகத்தான் வருகிறது. எதற்கும் அடங்காவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சிறு கருவியை ஒலி வயரின் நடுவில் மாட்டலாம். உள்ளே இருப்பது ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். மலிவானவை தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் விழுங்கும். கணியான் கூத்தில் அடிக்கும் இரண்டு மகுடப் பறைகளில் உச்ச மகுடம் தெளிவாகக் கேட்கும், மந்த மகுடம் மெலியும். அதனால் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.

பிளக்கின் எர்த் ஊசியை வெட்டிவிட்டால் உறுமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுமல் போகலாம். ஒருநாள் மின்பெட்டி பழுதானால் கேபினெட்டைத் தொடுபவரும் போகலாம்.

மின்தடையின்போது இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 'பர்ர்ர்' என்று முரட்டு ஒலி வந்தால், இன்வெர்ட்டர் சதுர அலை வகையைச் சேர்ந்தது. பதிவை மின்சாரம் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது ஒலி மாறினால் ரெகுலேட்டரே காரணம். பதியும் நேரத்தில் விசிறியை நிறுத்துங்கள்.

மவுசை அசைத்தால் கீச்சென்கிறது

சீரான உறுமல் இல்லை. மவுசை நகர்த்தும்போதும் பக்கத்தை உருட்டும்போதும் மெல்லிய கீச்சொலி. மதர்போர்டின் மின்சார இரைச்சல் ஒலிப்பகுதிக்குள் கசிகிறது. முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளைக்கு மாறிப் பாருங்கள், ஏனெனில் முன்பக்க வயர் கேபினெட்டுக்குள் எல்லாவற்றின் மீதும் உரசிக்கொண்டு வருகிறது. போகவில்லை என்றால், தனிக் கார்டு வாங்குவதற்கு இது நியாயமான காரணம். யுஎஸ்பி பெட்டி வாங்குங்கள்.

மேளம் கேட்கிறது, பாடுகிறவர் குரலைக் காணவில்லை

பார்த்தால் மாயம்போல் தோன்றும். ஹெட்போனில் பாட்டின் இசைக்கருவிகள் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கின்றன. குரல் மட்டும் சுத்தமாக இல்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டவர்கள் உண்டு. அழிக்காதீர்கள்.

ஹெட்போன் வயரில் இடது, வலது என்று இரண்டு வழிகளும், இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பும் வழி ஒன்றும் உண்டு. அந்தப் பொது வழி அறுந்தால் மின்னோட்டம் இடதிலிருந்து வலதுக்கே ஓட வேண்டியிருக்கிறது. அப்போது காதுக்கு எட்டுவது இரண்டு தடங்களுக்கும் உள்ள வேறுபாடு மட்டும். பாடுகிறவர் குரலை நடுவில் வைப்பது வழக்கம், அதாவது இரு தடத்திலும் ஒரே அளவில் இருக்கும். ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு காணாமல் போகிறது. ஓரங்களில் வைத்த கருவிகள் மிஞ்சுகின்றன.

மாமாவின் கேசட்டில் இது இன்னும் கடுமையாக இருந்தது. அவருடையது ஒற்றை மைக்கில் பதிந்தது, இரு தடத்திலும் ஒரே ஒலி. பொது வழி அறுந்ததும் குரலோடு வில்லும் குடமும் உடுக்கையும் எல்லாம் போய், நாடாவின் இரைச்சல் மட்டும் கேட்டது. கேசட் அழிந்துவிட்டது என்று ஓர் இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வேறு ஹெட்போன் போட்டபோது எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஜாக்கை முழுவதும் உள்ளே தள்ளுங்கள். அரைகுறையாகச் செருகினாலும் இதே விளைவுதான். கைப்பேசியோடு வரும் நான்கு வளைய ஜாக்கைக் கணினியின் மூன்று வளையத் துளையில் செருகினால் சிலவற்றில் தொடர்பு பிசகும். இரண்டாகப் பிரிக்கும் வயர் வாங்கி மாட்டுங்கள். டிரைவரோடு வரும் செயலியில் 'கரோக்கி', 'வாய்ஸ் கேன்சல்' போன்றவை இயங்கினாலும் குரல் மறையும். அவற்றையும் அணையுங்கள்.

கேசட்டிலிருந்து பதிந்தால் குரல் கிழிகிறது

டேப் ரெக்கார்டரில் நேராகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, கணினியில் பதிந்தது கரகரவென்று கிழிகிறது. நீங்கள் இளஞ்சிவப்புத் துளையில் செருகியிருக்கிறீர்கள். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். டேப் ரெக்கார்டரின் லைன்-அவுட் தருவது ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஏறத்தாழ நூறு மடங்கு. மைக் துளை அதையும் மைக் என்று எண்ணிப் பெருக்குகிறது. அலையின் தலையும் காலும் தட்டையாக வெட்டுப்படுகின்றன. ஒலியளவைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், பின்னால் எந்தச் செயலியாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

நீலத் துளைக்கு மாறுங்கள். டேப் ரெக்கார்டரில் லைன்-அவுட் இல்லாமல் ஹெட்போன் துளை மட்டும் இருந்தால் அதிலிருந்தும் எடுக்கலாம்: அதன் ஒலியளவை முழுவதும் இறக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஆடாசிட்டி என்ற பதிவுச் செயலியில் அளவுப்பட்டை மிக உரத்த இடத்தில் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். எது மிக உரத்த இடம் என்பதில் கவனம் வேண்டும். வில்லுப்பாட்டில் தொடக்கக் காப்புப் பாடலை வைத்து அளவு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சாமி வரும் இடத்தில் வீசுகோல் வில்லின் மீது விழும் வேகமும் குடத்தின் அடியும் வேறு. அந்த இடத்தை வைத்து அளவைக் கட்டுங்கள்.

44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு தடம் என்றால் நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். 60 நிமிடக் கேசட் ஏறத்தாழ 635 மெகாபைட். இன்றைய வட்டுகளுக்கு இது பொருட்டே இல்லை. அசல் பதிவை வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாகவே வைத்திருங்கள். கைப்பேசியில் அனுப்புவதற்குத் தனியாக எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

பதிவில் வில்லின் மணியோசை மங்கியிருக்கிறது

கார்டைத் தொட வேண்டாம். டேப் ரெக்கார்டரின் ஹெட்போனிலும் அப்படித்தான் கேட்கும். நாடா உரசிச் செல்லும் தலைப்பகுதியில் (ஹெட்) பழுப்பு நிறப் பொடி படிந்திருக்கும். பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அதற்கும் தெளியாவிட்டால் தலையின் சாய்வு பிசகியிருக்கிறது. பழைய டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவர் ஒரு சிறு திருகாணியைத் திருப்பிச் சரிசெய்துவிடுவார்.

மைக் பேசவில்லை

விண்டோஸ் 10-இலும் 11-இலும் தனியுரிமை அமைப்பில் மைக்கைப் பயன்படுத்தச் செயலிகளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவரைக் குறை சொல்லுவதற்கு முன்பு பார்க்க வேண்டியது அது. மேடையில் பயன்படுத்தும் பெரிய மூன்று ஊசி மைக்குகளில் கன்டென்சர் வகைக்கு 48 வோல்ட் வேண்டும். சாதாரணக் கார்டின் இளஞ்சிவப்புத் துளை சில வோல்ட்டுக்கு மேல் தராது. அதற்கு மைக் இணைப்பும் 48 வோல்ட் பொத்தானும் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும்.

இடையிடையே சடசடவென்று விட்டுவிட்டு வருகிறது

கணினி ஒலியை ஒரு தொட்டியில் நிரப்பிவைத்து அதிலிருந்து கார்டுக்கு விடுகிறது. நிரப்புவது தாமதமானால் தொட்டி காய்ந்து 'சட்' என்று ஒரு வெடிப்பு. தொட்டியைப் பெரிதாக்குங்கள். பதிவுச் செயலியில் 'பஃபர்' அளவு 256 என்றால் அது 44,100-இல் 6 மில்லிநொடிக்கும் குறைவு. 1024 என்றால் 23 மில்லிநொடி. பாடிக்கொண்டே தன் குரலைக் கேட்பவருக்குத்தான் சிறிய தொட்டி தேவை. கேசட் பதிவுக்குத் தாமதம் ஒரு பொருட்டல்ல, பெரிதாகவே வையுங்கள்.

யுஎஸ்பி பெட்டியை ஹப்பில் மாட்டாமல் மதர்போர்டின் பின்பக்கத் துளையில் நேராக மாட்டுங்கள். மின்சேமிப்பு முறையை மாற்றி முழுத் திறனில் ஓட விடுங்கள். வைஃபையை அணைத்துப் பாருங்கள். அதன் டிரைவர் மற்ற வேலைகளைக் காக்க வைப்பது அடிக்கடி நடப்பது. எது காக்க வைக்கிறது என்று கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்ற செயலி உதவும்.

உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் சடசடப்புக்கு இன்னொரு காரணம் உப்புக்காற்று. துளைகளில் களிம்பு பிடித்திருக்கும். ஜாக்கைத் திருப்பும்போது கரகரத்தால் அதுதான். ஜாக்கைத் துடைத்து, பத்து இருபது முறை செருகி உருவினால் தேய்ந்துவிடும்.

நனைந்த கணினி, பூத்த கேசட்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் பல வீடுகளில் கணினிகள் சேற்றில் கிடந்தன. அப்படி நனைந்ததை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஒருமுறைகூட இயக்காதீர்கள். மதர்போர்டின் வட்ட பேட்டரியை எடுத்துவிட்டு, கார்டைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரில் சேற்றை அலசி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் பல நாள் உலர விடுங்கள்.

சாரல் காலத்தில் குற்றாலம், தென்காசிப் பக்கத்து வீடுகளில் கேசட்டின் நாடாச் சுருளில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அதை ஓட்டினால் தலையும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். தனியே எடுத்து வையுங்கள். பூஞ்சையைத் துடைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பாட்டு வேகமாக ஓடுகிறது, சுருதி ஏறியிருக்கிறது

பதிந்த முதல் கேசட்டை எங்கள் ஊருக்குக் கொண்டுபோய், அதில் பாடிய பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "தம்பி, குரல் என்னுடையதுதான். சுருதி என்னுடையது இல்லை" என்றார். எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

44,100-இல் பதிந்த ஒலியை 48,000 என்று எண்ணி ஓட்டினால் ஒன்பது விழுக்காடு வேகம் கூடும்; சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை ஏறும். கார்டின் அமைப்பில் ஓர் எண்ணும் பதிவுச் செயலியில் வேறோர் எண்ணும் இருந்தால் சில டிரைவர்களில் இப்படி நேர்கிறது. விண்டோஸின் ஒலி அமைப்பில் லைன்-இன்னின் பண்புகளைத் திறந்து 'அட்வான்ஸ்டு' பகுதியில் உள்ள எண்ணையும், ஆடாசிட்டியில் திட்டத்தின் எண்ணையும் ஒன்றாக்குங்கள்.

ஏற்கெனவே பதிந்தவற்றின் சுருதி சரியா என்று அறிய எனக்கு உதவியது கேசட்டிலேயே இருந்த உறுமல். கொடையின்போது மின்சாரத்தில் ஓடிய ஆம்பிளிஃபயரின் 50 ஹெர்ட்ஸ் பாட்டின் அடியில் மெல்லப் பதிந்திருக்கிறது. ஆடாசிட்டியில் பாட்டு இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' என்பதைத் திறந்து, அளவை 65536 என்று வைத்தால், உறுமல் எந்த எண்ணில் முகடு கட்டுகிறது என்று தெரியும். அன்றைய மின்சாரம் 50-க்குச் சற்று மேலோ கீழோ ஓடியிருக்கலாம், 54-க்குப் போயிருக்காது. என் பதிவில் முகடு 54.4-இல் நின்றது. 50-ஐ 48,000-ஆல் பெருக்கி 44,100-ஆல் வகுத்தால் வருவது அதே எண்.

தடத்தின் பெயரை அழுத்தி 'ரேட்' என்பதை 44,100 ஆக்கினேன். முகடு 50-க்கு வந்தது. மற்ற கேசட்டுகளையும் இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பெரியவரிடம் மறுபடி கொண்டுபோனேன். அவர் தன் ஆர்மோனியக்காரரை வரச் சொல்லி, முதல் பாட்டுக்குக் கட்டையைப் பிடித்துப் பார்த்து, "இது சரி, அடுத்ததைப் போடு" என்றார்.